ஐயாவு மச்சானின் தொண்டை

ஐயாவு மச்சானுக்குத் தெரிந்த மலாய் மொழி முழுவதும் ரேடியோவில் காற்பந்து வர்ணனை கேட்டுக் கற்றுக்கொண்டது. எங்கள் தோட்டத்தில் மற்றவர்களுக்கு மீன் வாங்குகிற அளவுக்குத்தான் மலாய் வரும். மச்சான் பேசினால் சுத்தமான மலாய். ஆனால் மூச்சு விடாமல், ஏதோ கோல் விழப்போகிறது என்கிற அவசரத்தோடு வரும். தலைவலிக்கு மாத்திரை கேட்டாலும் அதே அவசரம்தான்.

என் அக்கா காளியம்மாவின் புருஷன் அவர். பாகான் செராய் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் இருபது வருஷம் பால்மரம் வெட்டிப் பால் எடுத்து, பிறகு கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலைக்குக் காவலாளியாகப் போனார். அவர் பிறந்ததைப் பெற்றவர்கள் எங்கும் பதியவில்லை. அதனால் நாற்பத்தைந்து வயதிலும் கையில் சிவப்பு அடையாள அட்டைதான், குடிமக்களுக்குத் தருகிற நீல ஐசி இல்லை. வேறு எந்த மண்ணையும் மிதித்தறியாத மனுஷர், காகிதத்தில் மட்டும் அந்நியர்.

அந்த அந்நியர் நாட்டு டீமுக்காகப் பட்ட பாட்டை நீல ஐசி வைத்திருந்த நாங்கள் ஒருவரும் பட்டதில்லை. எழுபத்திரண்டில் மியூனிக்கில் மொராக்கோ ஆறு கோல் போட்டபோது இரண்டு நாள் சோறு இறங்கவில்லையாம். எண்பதில் மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றும் டீம் போகாமல் நின்றுவிட்டது. யாரைத் திட்டுவதென்று தெரியாமல் என்னைத் திட்டினார். நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

குடியுரிமைக்கு மனுப் போட்டு நான்கு வருஷம் காத்திருந்த பிறகு, எண்பத்தைந்து மே மாதம் கடிதம் வந்தது. இருபதாம் தேதி திங்கட்கிழமை காலை, தைப்பிங்கில் மலாய் வாய்மொழித் தேர்வு. அதற்குள் தோட்டம் கைமாறிவிட்டது. அக்காவும் மச்சானும் இருந்த லயத்தை, அந்த வரிசை வீடுகளை, இடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். கமுந்திங்கில் கட்டிக்கொண்டிருந்த அரசாங்க மலிவு வீட்டுக்கு மனுப் போடக் குடும்பத் தலைவருக்கு நீல ஐசி வேண்டும். அக்கா அந்த வீட்டில் அடுப்பு எங்கே, சாமி படம் எங்கே என்று மனதுக்குள் வைத்துப் பார்த்தே முடித்துவிட்டாள். மச்சானின் மலாய்க்கு யாரும் ஃபெயில் போட முடியாது என்று நானும் அடித்துச் சொன்னேன்.

அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை சியோலில் ஆட்டம். உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று. மார்ச்சில் கோலாலம்பூரில் கொரியாவை ஒன்றுக்குச் சுழியம் என்று சாய்த்திருந்தோம். இனி டிரா செய்தாலே போதும், அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம்.

"இன்னைக்கு ஒரு நாளு போவாதீங்க, நாளைக்குப் பேசணும்ல," என்றாள் அக்கா.

"சும்மா உக்காந்து கேட்டுட்டு வாரேன். சத்தமே போட மாட்டேன்லா," என்றார் மச்சான்.

ஷரபுதீன் பாயின் சாப்பாட்டுக் கடையில் ரேடியோ இருந்தது. வர்ணனை புரியாதவர்களுக்கு மச்சான்தான் தமிழில் சொல்வது வழக்கம். முதல் ஐந்து நிமிஷம் மெதுவாகத்தான் சொன்னார். கொரியா முதல் கோல் போட்டதும் எழுந்து நின்றுவிட்டார். இரண்டாவது கோலுக்கு மேசைமேல் ஓங்கி அறைந்தார். "ஓடுங்கடா, காலுல என்ன ஈயமா ஊத்தி வச்சிருக்கானுங்க" என்று ரேடியோவைப் பார்த்துக் கத்தினார். நான் தோளைப் பிடித்து அழுத்தியும் உட்காரவில்லை. கடைசி விசில் வரைக்கும் சியோலுக்கே கேட்கட்டும் என்பதுபோலத் தொண்டை கிழியக் கத்தினார். இரண்டு கோலில் தோற்றோம். வீட்டுக்குத் திரும்பும்போது என்னிடம் ஏதோ சொல்ல வந்தார். வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது.

அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சுக்குத் தண்ணீர், மிளகுக் கஷாயம், உப்புத் தண்ணீர்க் கொப்புளிப்பு என்று கொடுத்துக்கொண்டே இருந்தாள். காலையில் கொட்டுகிற மழையில் நான்தான் மோட்டார் சைக்கிளில் அவரைக் கூட்டிப்போனேன்.

அறைக் கதவு திறந்திருந்தது. அதிகாரி பெயர் கேட்டார். மச்சான் வாயைத் திறந்தார். துருப்பிடித்த கீலைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம். அதிகாரி நல்ல மனுஷர். தண்ணீர் கொடுத்து, காய்ச்சலா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால்கூட முடிந்திருக்கும். மச்சானுக்குப் பொய் வராது. "போலா," என்றார் காற்றாக. பந்து.

அதிகாரி சிரிக்கவில்லை. தானும் கேட்டதாகச் சொன்னார். தகுதி பெற்றிருக்க வேண்டிய டீம் என்று வருத்தப்பட்டார். பிறகு ஃபைலை மூடி, பேச்சைக் கேட்காமல் மதிப்பெண் போட முடியாது, வேறு தேதி கடிதத்தில் வரும் என்று சொல்லி அனுப்பினார்.

வெளியே வந்து மச்சான் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது. அழுகிறார் என்று தெரிந்த பிறகு வண்டியைக் கிளப்ப மனம் வரவில்லை.

கடிதம் வரவில்லை. அந்த வருஷக் கடைசியில் லயத்தை இடித்தார்கள். அக்காவும் மச்சானும் தோட்டத்துக்கு வெளியே நான் எடுத்திருந்த வீட்டின் பின்னறைக்கு வந்தார்கள். மலிவு வீடுகளுக்கு மற்றவர்கள் குடிபோனதை அக்கா போய்ப் பார்க்கவும் இல்லை.

அடுத்த வருஷம் மெர்டேக்கா காற்பந்துக் கோப்பையை நம் டீம் ஜெயித்தது. பாய் கடையே ஆடியது. நாற்காலிமேல் ஏறிக் கத்தியவர்களில் நானும் ஒருவன். மச்சான் மூலையில் உட்கார்ந்திருந்தார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, முன்னால் ஒரு கிளாஸ் சுடுதண்ணீர். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"என்னாண்ணே, இத்தன வருசம் தோத்ததுக்குக் கத்துனீங்க. இன்னைக்கு ஒரு சத்தம் குடுக்கலாம்லா," என்றார் பாய்.

மச்சான் வேண்டாம் என்று கையாட்டினார். வீட்டுக்கு நடக்கும்போதுதான் துண்டை எடுத்தார்.

"நாளைக்குக் கடுதாசி வந்தாலும் வரும், தம்பி."

குரல் கணீரென்றுதான் இருந்தது.