ஆர்வோவின் குளிர்கால விருந்தாளிகள்

கம்பளிக் காலுறையின் வாயை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்து, உள்ளே ஒரு பேட்டரியை இறக்குகிறார் ஆர்வோ. குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் அது சரியாக உட்கார்ந்ததா என்று தடவிப் பார்க்கிறார். அடுத்த காலுறை, அடுத்த பேட்டரி. டிரில் மெஷினுக்கு ஒரு ஜோடி, வட்ட ரம்பத்துக்கு ஒரு ஜோடி. எல்லாம் அவர் மனைவி ஹில்க்கா அவருடைய கால்களுக்கென்று பின்னியவை. "என் கால்ல ரத்தம் ஓடுது. இதுங்களுக்கு என்ன இருக்கு?" என்பது ஆர்வோவின் கட்சி.

ஏரிக்கரைக் கோடை வீடுகளுக்குப் படகுத்துறையும், சவுனா என்னும் நீராவிக் குளியலறையும் கட்டிக் கொடுப்பது அவர் தொழில். புல்லின்மேல் முதல் உறைபனி வெள்ளையாகப் படிந்த காலையில் கடையைக் கட்டிவிடுவார். அவருடைய கொட்டகைக்குக் கணப்பு கிடையாது. மண்வெட்டியும் கோடரியும் அங்கேயே குளிர்காலத்தைக் கழிக்கலாம். அவற்றிடம் அவர் மனம் இளகுவதே இல்லை. மின்சாரத்தில் ஓடுவதெல்லாம் துடைத்து, எண்ணெய் பூசி, வீட்டுக்குள் வந்துவிடும். சமையலறைக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் கட்டில் நிறைய அவைதான். விருந்தினர் அறை என்று அதற்குப் பெயர். பனிக்காலத்தில் மனிதப் பிறவி எதுவும் அந்தக் கட்டிலில் படுத்ததில்லை.

வந்தவுடன் உள்ளே நுழைந்துவிடவும் முடியாது. குளிரில் கிடந்த கருவி எதுவானாலும் மூடிய பெட்டியோடு ஒரு ராத்திரி வாசலறையில் காத்திருக்க வேண்டும். "எடுத்த எடுப்புல சூட்டுக்குக் கொண்டாந்தா வேர்த்துடும். வேர்த்தா துரு."

"ஏங்க, நானுந்தான் பனியில தபால் பெட்டி வரைக்கும் போயிட்டு வரேன். எனக்கு வேர்க்குமான்னு ஒரு நாளாவது கேட்டிருப்பீங்களா?" என்பாள் ஹில்க்கா.

"நீ துருப்பிடிக்க மாட்டே."

அவர் வாயிலிருந்து வரக்கூடிய பாராட்டு அவ்வளவுதான். ஹில்க்காவும் அதை அப்படியே எடுத்துக்கொள்வாள்.

அந்த வீட்டில் ஒலாவி பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது. ஹில்க்காவின் ஒரே தம்பி. ஏரிக்கு அக்கரையில் தனியாக இருக்கிறான். ஒரு இலையுதிர்காலத்தில் ஆர்வோவின் டிரில் மெஷினைக் கடன் வாங்கிப் போனவன், வேலை முடிந்ததும் அதை விறகுக் கொட்டகையில் போட்டு மறந்துவிட்டான். நடுப்பனியில் நினைப்பு வந்து, கல்லாக உறைந்து கிடந்த பேட்டரியை நேராகக் கொண்டுபோய்ச் சார்ஜரில் சொருகினான். அதோடு பேட்டரியின் கதை முடிந்தது.

"கொன்னுட்டான்" என்பார் ஆர்வோ. வேறு சொல்லே அதற்குக் கிடையாது. போதாக்குறைக்கு ஒலாவி, "பேட்டரிதானே மச்சான், போனாப் போகுது!" என்று சிரித்துத் தொலைத்தான். அந்தச் சிரிப்பைத்தான் ஆர்வோவால் செரிக்க முடியவில்லை. மூன்று குளிர்காலமாகப் பேச்சு இல்லை. சனிக்கிழமை சவுனாவுக்குக்கூட அவனைக் கூப்பிடுவதில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு மனிதனை ஒதுக்கி வைப்பது என்றால் அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த ஜனவரியில் குளிர் இறுக்கிப் பிடித்தபோது ஒலாவி வீட்டுக் கணப்பு படுத்துவிட்டது. குழாய்களெல்லாம் உறைந்துபோயின. பழுது பார்ப்பவருக்கு ஊர் முழுக்க வேலை. அடுத்த வாரம்தான் வருவாராம். போனை வைத்துவிட்டு வந்த ஹில்க்கா காப்பியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"ஒலாவி இங்க வரான்."

"அறை காலியில்ல."

"ஏன், உங்க டிரில் மெஷினுக்கு உடம்பு சரியில்லையா?"

"வெளையாடாத ஹில்க்கா. அவன் என்ன பண்ணினான்னு..."

"அவன் என்கூடப் பொறந்தவன். ஒண்ணு அவன் இங்க வரணும், இல்லே நான் அங்க போவேன். ரெண்டு பேருமா உறைஞ்சு கிடக்கிறோம். நீங்க உங்க செல்லங்களோட சௌக்கியமா இருங்க."

வழக்கமான கிண்டல் இல்லை அது. அவளுடைய சால்வை ஏற்கெனவே நாற்காலி முதுகில் தயாராகத் தொங்கியது.

ஆர்வோ கட்டிலைக் காலி செய்தார். வாய் மட்டும் ஓயவில்லை. "வரட்டும், வரட்டும். துரை காலை நீட்டிப் படுக்கட்டும்." காலுறை போட்ட பேட்டரிகள் ரொட்டி வைக்கும் தட்டில் வரிசையாக உட்கார்ந்தன. வட்ட ரம்பம் சாப்பாட்டு மேசைக்கடியில் புகுந்தது. மரம் தேய்க்கும் மெஷின் ஹில்க்காவின் நூல்கூடைக்குள் போனது. அவள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. ஒலாவி வாசலறைக்குள் வந்து பூட்ஸைக் கழற்றினான். அதற்குமேல் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. புருவத்தில் பனி, தாடியில் பனி.

"உள்ள வாயேன்டா!" என்றாள் ஹில்க்கா.

"இரு அக்கா. கொஞ்ச நேரம் இங்கயே நிக்கிறேன். நேரா உள்ள வந்தா வேர்த்துடும்."

ஆர்வோவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "நக்கலா?"

"ஐயோ, நக்கல் இல்ல மச்சான்." ஒலாவி மேல்கோட்டின் பொத்தான்களை அவிழ்த்தான். அதற்குள் ஒரு ஸ்வெட்டர், அதற்குள் இன்னொன்று. விரல்கள் விறைத்திருந்ததால் நேரம் பிடித்தது. சட்டைக்குள்ளிருந்து, உடம்போடு சேர்த்து வைத்திருந்த ஒரு சாம்பல்நிறக் காலுறையை எடுத்து நீட்டினான். அதன் குதிகாலில் கனமாக ஏதோ உட்கார்ந்திருந்தது.

"உங்க பேட்டரி. அதே மாதிரி தேடிப் பிடிச்சுப் போன வருஷமே வாங்கிட்டேன். குடுக்கத்தான் மூஞ்சி இல்ல. இப்ப வீட்டுல எல்லாம் உறைஞ்சுபோச்சு. இதுவும் உறைஞ்சா, அப்புறம் எந்த மூஞ்சியோட இங்க வர்றதுன்னு... நெஞ்சுலயே வச்சுக்கிட்டிருந்தேன்."

ஆர்வோ பேட்டரியை உருவி எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். இளஞ்சூடாக இருந்தது. காலி காலுறை இன்னொரு கையில் தொங்கியது. அப்போதுதான் அவர் பார்வை கீழே போயிற்று. ஒலாவியின் இடது காலில் அதே சாம்பல்நிறக் காலுறை. வலது கால் வெறுங்கால், விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

பூட்ஸிலிருந்து உருகிய பனி வாசலறைத் தரையில் தேங்கி நின்றது. அந்தத் தண்ணீரிலேயே பேட்டரியை வைத்தார் ஆர்வோ. முட்டி கரகரக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். காலுறையின் வாயை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, "காலை நீட்டுடா" என்றார்.