பாலத்துக்கு முன்னால் ஒரு சிக்னல்

என் மனைவிக்குப் பனிமலையைப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை இருந்தது. நான் ரயில்வேக்காரன், கையில் இலவசப் பாஸ் இருந்தது. அதில் அவளைத் திருப்பதிக்கு நான்கு முறை அழைத்துப் போனேன். பனிமலைக்கு ஓய்வு பெற்ற பிறகு போகலாம் என்றேன். ஓய்வு பெற்றபோது அவளுக்கு மூச்சிரைப்பு வந்திருந்தது. மலையேறக் கூடாது என்றார்கள். அடுத்த வருடம் சர்க்கரை கண்ணுக்குப் போனது. போன பார்வை திரும்பாது, இருக்கிற பார்வை எத்தனை மாதம் நிற்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். திரும்பும்போது, டவுன் பஸ் எங்கள் சூரமங்கலம் வந்து சேரும்வரை அவள் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை.

பெங்களூரில் இருக்கும் மகன் கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். ஆஸ்திரியாவின் பழைய மலைப்பாதை. வழியில் பாறைகளுக்கு நடுவே இரண்டடுக்கு வளைவுகளில் நிற்கும் ஒரு கற்பாலம், சுற்றிலும் பனி. புறப்பட்டு முக்கால் மணி நேரத்தில் பாலம் வரும். காலை வெளிச்சத்தில்தான் அவளுக்குக் கொஞ்சம் கண் தெரியும் என்பதால் பத்து மணிக்கு வண்டியை எடுத்தேன். அவள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பாலத்துக்குச் சற்று முன்னால் சிக்னல் சிவப்பு. நிறுத்தினேன். மதியச் சாப்பாடு வரை மாறவில்லை.

"ஏனுங்க, ஒரு ஈ காக்கா இல்லீங்களே. போலாமுங்க."

"சிவப்பு."

"பொம்ம வண்டிதானுங்களே?"

நான் பார்த்த உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். சிவப்பைத் தாண்டிய டிரைவர்களை விசாரித்து அறிக்கை எழுதுவது. கண் அசந்தவன், மகளுக்குப் பிரசவ வலி என்று கலங்கியவன், எல்லோருக்கும் ஒரே வாசகம்: காரணம் ஏற்கத்தக்கதல்ல. பழுதான சிக்னலைத் தாண்ட எழுத்துமூலம் அனுமதி வேண்டும். அந்த மலையில் எழுதித் தர ஒரு ஸ்டேஷன் மாஸ்டரும் இல்லை.

மறுநாள் முதலிலிருந்து ஓட்டினேன். அதே சிவப்பு. விளையாட்டை விற்றவர்களுக்கு இடம், நேரம் குறித்து முறைப்படி புகார் எழுதினேன். கருத்துக்கு நன்றி என்று இயந்திரம் ஒன்று பதில் போட்டது. மூன்று வாரம், தினமும் காலையில், இருவரும் அந்தச் சிவப்பு வரை போய் நின்றோம். மகன் போனில் சிரித்தான்.

"கீபோர்டுல டேப் பட்டன அமுத்துங்கப்பா. கேம்ல இருக்கற கண்ட்ரோலர் அனுமதி குடுத்துருவாரு."

"எழுத்துலயா?"

"அம்மாவுக்குக் கண்ணு போயிட்டிருக்குது. நீங்க என்கொயரி நடத்திட்டிருக்கறீங்க."

போனை வைத்துவிட்டேன்.

நான்காவது வாரத்தில் ஒரு காலை, காபித் தம்ளரை எடுக்கப் போன அவள் கை ஒரு சாண் தள்ளி மேசையைத் தடவியது. நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை. அன்று சிக்னல் வந்ததும் பட்டனை அழுத்தினேன். அரை நொடியில் அனுமதி வந்தது. வண்டி எண்ணைக்கூடக் கேட்கவில்லை.

தாண்டினேன். வளைவு திரும்பியதும் பாலம் முழுசாகத் தெரிந்தது. கல் கல்லாக, மேல் வளைவுகளில் பனி தங்கி. சக்கரச் சத்தம் மாறியது.

"பாலமுங்களா?"

"ஆமா."

காரணமில்லாமல் பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தக் கூடாது. நிறுத்தினேன். அவள் சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எந்தப் பக்கமுங்க பாக்கோணும்?"

திரை அவள் முகத்துக்கு இரண்டடி முன்னால் இருந்தது.

"நேரா பாரு," என்றேன்.

அவள் நேராகப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "செரிங்க, எடுங்க," என்றாள். பிரேக்கைத் தளர்த்தினேன்.