முதுகு காட்டி எறிந்த பந்து

பதுளையிலிருந்து புதிதாக ஒரு சேர் வந்திருக்கிறார், மூன்றாம் ஆண்டில் படிக்கும் எங்களுக்குப் பந்து எறியவும் பிடிக்கவும் சொல்லித்தரப் போகிறார் என்று தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் இருந்த எங்கள் வீட்டில் நான் சொன்னபோது அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எறியிறதுக்கும் ஒரு வாத்தியாரா? நம்ம லயத்துப் பயலுகளக் கேட்டா அவருக்கே சொல்லிக் குடுப்பானுகளே" என்றார். அம்மா மட்டும், "படிச்சவரு சொன்னா காரணம் இருக்கும். நீ அவரு சொல்றபடி செய்" என்றாள். பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னாலும் அதில் காரணம் இருக்கும் என்பது அம்மாவின் கட்சி.

சேர் பதுளையில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. மடிப்புக் கலையாத சட்டையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர், எங்கள் மைதானத்தைப் பார்த்ததும் கால்சட்டை நுனியை மடித்துவிட்டுக்கொண்டார். மைதானம் என்பது நாங்கள் வைத்த பெயர்தான். மலையை வெட்டி எடுத்த ஒரு படி, அவ்வளவுதான். ஒரு பக்கம் பள்ளிக்கூட அதிபரின் அறை, மறுபக்கம் தேயிலைச் சரிவு. பந்தைத் தவறவிட்டால் அது கீழே ஓடைக்குப் போய்த்தான் நிற்கும். பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே பந்தை முதல் நாளே ஓடை கொண்டுபோய்விட்டது. பாவம், சேர் கடையில் மிஞ்சிய துணித்துண்டுகளைச் சுருட்டி, கை நிறையப் பந்துகள் தைத்துக் கொண்டுவந்தார்.

தூரத்தில் ஒரு வாளியை வைத்தார். இடது காலை முன்னால் வைக்க வேண்டும், கண் வாளியிலேயே இருக்க வேண்டும், பிறகு எறிய வேண்டும் என்று செய்து காட்டினார். பையன்கள் எறிந்தார்கள். வாளியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் பந்து விழுந்தது. அடுத்தது பெண்பிள்ளைகள் வரிசை. முதலில் நின்றவள் நான். வாளியை ஒரு தடவை நன்றாகப் பார்த்தேன். பிறகு திரும்பி, அதற்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலால் பந்தைப் போட்டேன். அது வாளிக்குள் விழுந்தது. அடுத்தவளும் அப்படியே செய்தாள். அதற்கடுத்தவளும் திரும்பியபோது சேர் ஓடி வந்துவிட்டார்.

"ஏம்மா, வாளி அந்தப் பக்கம்ல இருக்கு?"

"ஆமாங்க சேர். அதான் திரும்பிக்கிட்டோம்" என்றேன்.

எங்கள் மேல் என்ன குற்றம்? நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் பார்த்தது அந்த எறிதலைத்தான். அம்மாக்கள் தலையில் கயிற்றை மாட்டிக் கூடையை முதுகில் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் கொழுந்து பறிப்பார்கள். கை நிறைந்ததும் திரும்பியும் பாராமல் தோளுக்கு மேலால் கூடைக்குள் போடுவார்கள். ஓர் இலை வெளியே சிந்தாது. பழைய துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு நாங்களும் அதையே விளையாடினோம். முன்னால் எறிவதெல்லாம் பையன்கள் கொய்யாக்காய் அடிக்கச் செய்கிற வேலை.

சேர் கோபிக்கவில்லை. என் தோளைப் பிடித்து வாளிப் பக்கம் திருப்பி, "இப்ப எறி" என்றார். எறிந்தேன். பந்து அதிபரின் ஜன்னல் வழியாகப் போய் அவருடைய பிளேன்டீக் கோப்பைக்குள் விழுந்தது. அதிபர் ஈரச் சட்டையோடு வெளியே வந்தார். அதன் பிறகு பந்து எறிகிற நாட்களில் அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் வேலை பார்த்தார்.

விளையாட்டுப் போட்டி வந்தது. வாளிக்குள் அதிகம் எறிகிறவருக்கு ஒரு வண்ணப்பென்சில் பெட்டி. அதை மேசையில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா அரைநாள் வேலையை விட்டுவிட்டு, திருவிழாவுக்குக் கட்டும் சேலையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரைதான் பிரதம விருந்தினர்.

என் முறை வந்ததும் சேர் சொன்னபடியே காலை வைத்து, கண்ணை வைத்து எறிந்தேன். முதல் பந்து துரையின் மாலையில் பட்டது. இரண்டாவது, போட்டி முடியட்டும் என்று காத்திருந்த நாயின் மேல் பட்டது. சனம் சிரித்தது. பென்சில் பெட்டி கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. இனிக் காலாவது கண்ணாவது என்று சட்டெனத் திரும்பி, வாளிக்கு முதுகைக் காட்டி நின்றேன். மீதமிருந்த பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தோளுக்கு மேலால் போட்டேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

கைதட்டல் மலையில் மோதித் திரும்பியது. இது கணக்கில் சேருமா என்று சேர் தயங்க, துரை எழுந்து நின்று, "அட, குடுங்க பரிச! இந்தப் பிள்ளைக்கு இப்பவே ஒரு கூடையும் குடுத்துரலாம். அம்மாவ விட நல்லாக் கொழுந்து எடுக்கும்!" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. பெட்டியை உயர்த்தி அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா கைதட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அப்பா, துரை சொன்னதை லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்து, அம்மாவிடமும் ஒரு தரம் சொன்னார். அம்மா பிளேன்டீயை ஓங்கி வைத்த வேகத்தில் பாதி தரையில் சிந்தியது. பிறகு என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனாள். அப்பாவின் பழைய காலுறையைச் சுருட்டி என் கையில் திணித்து, எதிரே போய் நின்றாள்.

"என்னயப் பாத்து எறி."

"போட்டிதான் முடிஞ்சிருச்சே அம்மா?"

"எறின்னா எறி. இனிமே முதுகக் காட்டித் திரும்பிப் பாரு, கால ஒடிச்சிருவேன்."

எறிந்தேன். முதுகுக்குப் பின்னால் ஓர் இலையைத் தவறவிடாத என் அம்மாவுக்கு, முகத்துக்கு நேரே வந்ததைப் பிடிக்கத் தெரியவில்லை. ஒன்று நெற்றியில் பட்டது. ஒன்று கைக்குள் வந்து நழுவி, வாசலோரத் தண்ணீர்க் கானில் விழுந்தது. அதை எடுத்துப் பிழிந்து, "இன்னொரு தடவ" என்றாள். பக்கத்து வீட்டார் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள், ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. பந்து பட்டு வலிக்கிறது போல என்று மெதுவாக எறிந்தேன். "பலமா எறிடி" என்று அதட்டினாள்.

இருட்டி, பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை விடவில்லை. முதல் பரிசு வாங்கிய பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன பயிற்சி வேண்டிக் கிடக்கிறது என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.