வயிற்றில் கட்டம்

எனக்குத் தொப்பை விழுந்ததை என்னைவிட முதலில் கவனித்தது எங்கள் தெருதான். ஆரணியில் பட்டு நெய்கிற தெரு அது. காலையில் தறிக்குழிக்குள் காலை இறக்கினால் பொழுது சாயும் வரைக்கும் அங்கேயேதான் இருப்பு. கால் மிதிக்கும், கை ஊடுநூல் கோத்த நாடாவை வீசும், வயிறு மட்டும் நடுவில் சும்மா உட்கார்ந்திருக்கும். முப்பது வயதைத் தாண்டியதும், சும்மா உட்கார்ந்திருந்த அத்தனை வருஷமும் சேர்ந்து ஒரே மூட்டையாக முன்னால் வந்து நின்றுவிட்டது.

முடிவெட்டுகிறவர், "உனுக்கு ரெண்டு துண்டு போத்தணும்பா, ஒண்ணு பத்தல" என்றார். எதிர்வீட்டு அக்கா நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் தார் நூல் சுற்றிக்கொண்டே, "இன்னா தம்பி, எத்தினியாவது மாசம்?" என்று கேட்பாள். டீக்கடைக்காரர் பெஞ்சில் இடம் இல்லாத நாளில், "உனுக்கு கிளாஸ் வெக்க எடம் தேடத் தேவையில்ல, மேலயே வெச்சிக்க" என்றார். ஜனங்கள் பேசுகிற பேச்சு எனக்கு எப்போதும் பிடிக்கும். என்னைப் பற்றியே பேசினாலும் அதில் ருசி இருந்தால் சிரித்துவிடுவேன். அப்படித்தான் ஒரு வருஷத்துக்கும் மேல் சிரித்துக்கொண்டு இருந்தேன்.

சிரிப்பு நின்றது முதலாளி வீட்டில். எழுபதுகளின் கடைசி அது. தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பட்டு நூலான பாவும், ஜரிகையும் அவர் தருவார், என் வீட்டுத் தறியில் நெய்து கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு பாவுக்கு மூன்று புடவை. அந்த முறை மூன்றும் அரக்கு நிற முகூர்த்தப் புடவைகள். வெளிச்சம் விழுகிற பக்கமாகப் பாயை இழுத்துப் போட்டு ஒவ்வொன்றாக விரித்தார். மூன்றாவதில் கை நின்றது. உடம்புப் பகுதியில் முழத்துக்கு ஒன்றாக, உள்ளங்கை அகலத்தில் மினுக்கம் செத்துப்போன வட்டங்கள்.

"இது இன்னாப்பா?"

"தண்ணி பட்டிருக்கும் மொதலாளி."

அவர் புடவையைப் பார்த்தார், பிறகு என் வயிற்றைப் பார்த்தார். "தண்ணி இவ்ளோ அழகா வட்டம் போடாது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இன்னும் ஒரு பாவு தர்றேன். அதுலயும் உன் வயிறு தெரிஞ்சிதுன்னா நீ வேற எடம் பாத்துக்க. கல்யாணப் பொண்ணு கட்டுற பொடவைல உன் வேர்வையப் போட்டு நான் விக்க முடியாது."

வேறு இடம் என்று அவர் லேசாகச் சொல்லிவிட்டார். வேர்வைக் கறைக்காகப் பாவு நிறுத்தப்பட்டவன் என்று பெயர் வந்தால் ஆரணியில் எந்த முதலாளியும் பட்டைக் கையில் கொடுக்க மாட்டார். எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

தறியில் உட்காராதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெய்கிறவனின் வயிற்றுக்கு முன்னால் குறுக்கே ஓர் உருளை மரம் கிடக்கும். படமரம் என்போம். நெய்து முடிந்த புடவை அதில் சுற்றிக்கொண்டே போகும். வயிறு பெரிதானால் அந்த மரத்தில், அதாவது புடவையின் மேலேயே, உரசும். பழைய வேட்டியை நடுவில் மடித்துப் போட்டேன். பங்குனி வெயிலில் அதுவும் நனைந்து ஒட்டியது. உட்காரும் பலகையை இரண்டு விரல் பின்னால் தள்ளிப் பார்த்தேன். கைக்கு எட்டாமல், நூலை நெருக்குகிற அடி லேசாக விழுந்தது, நெசவு தளர்ந்தது. கறைக்குப் பதில் தளர்ச்சி என்று முதலாளி அதையும் கண்டுபிடிப்பார். பலகையைப் பழைய இடத்திலேயே போட்டேன். தறி நகராது, மரம் நகராது. நகர வேண்டியது நான்தான்.

நாலு வீடு தள்ளி என் சேக்காளி ஒருவன் இருந்தான். என் வயது, என் தொழில். ஆனால் விடியற்காலையில் ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று உடம்பைக் கட்டாக வைத்திருந்தான். ஆற்றில் குளிக்கும்போது அவன் வயிற்றில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு தெரியும். எங்கள் தெரு அதற்குத் தன் தொழிலிலிருந்தே பெயர் எடுத்துக் கொடுத்திருந்தது: கட்டம். கட்டம் போட்ட புடவை மாதிரி கட்டம் போட்ட வயிறு. "நாம பொடவைல எடுக்குறோம், அவன் வயித்துல எடுத்துட்டான்" என்பார்கள்.

அவனிடம் போய் நின்றேன். என் வயிற்றை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தான், மூட்டையின் எடை பார்க்கிற மாதிரி.

"மச்சான், கட்டம் எல்லாருக்கும் உள்ள கீது. மேல இருக்கிற கொழுப்பு போனா தானா தெரியும்."

"எனுக்கு கட்டம் வேணாம்டா. மரத்துல இடிக்காம இருந்தா போதும்."

"ரெண்டுக்கும் ஒரே வழிதான். காலையில வா."

போனேன். முதல் நாள் ஏழு தண்டால் எடுத்து எட்டாவதில் மண்ணில் முகம் வைத்துப் படுத்துவிட்டேன். பஸ்கி எடுத்த காலால் பகல் முழுக்க மிதியை மிதிக்க வேண்டும். மிதி ஒவ்வொன்றும் கல்லாகக் கனத்தது. மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கச் சொல்வான். என் கால் ஒரு ஜாண் எழும்பி நடுங்கும். "தூக்குடா, ஜல்தி" என்பான். ஜல்தியாக நடந்தது என் மூச்சு மட்டும்தான். அதற்குப் பிறகு கமண்டல நாகநதியின் வறண்ட மணலில் அவன் முன்னால் ஓட, நான் பின்னால் காலை இழுத்துக்கொண்டு போவேன்.

அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வாசனை. ரைஸ் மில்களில் விடியற்காலையில் நெல் அவிப்பார்கள். அந்த ஆவி தெருவெல்லாம் படர்ந்து வரும். வெறும் வயிற்றோடு, சோற்றை விட்டுவிட்ட ஒருவன், அந்த ஆவிக்கு நடுவே ஓட வேண்டும்.

ஆமாம், சோற்றை விட்டுவிட்டேன். பகலில் இரண்டு உருண்டை கேழ்வரகுக் களி, கீரை, கொள்ளு ரசம். ராத்திரிக்கு ஒரு உருண்டை, மோர். வீட்டில் என் மனைவி எனக்குத் தனியாகவும் மற்றவர்களுக்குத் தனியாகவும் ஆக்கினாள். "நீங்க எளைக்கிறதுக்கு நான் ரெண்டு ஒல வெக்கிறேன். நீங்க எளைக்கிறீங்களோ இல்லியோ, நான் எளைச்சிடுவேன்" என்றாள். மரத்தின் மேல் போடுகிற வேட்டித் துண்டைக் காலையில் ஒரு முறையும் மத்தியானம் ஒரு முறையும் துவைத்துக் காயவைத்து மாற்றிப் போட்டவளும் அவள்தான்.

இளைத்தேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாங்கள் கட்டுவது வேட்டி. அது எந்த வயிற்றுக்கும் அளவு சொல்லாது. வீட்டில் இருந்த கண்ணாடியில் முகம் மட்டும்தான் தெரியும். எனக்கு ஒரு வழி தோன்றியது. தறியில் உட்கார்ந்ததும் வயிற்றுக்கும் படமரத்துக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்ப்பேன். புதுப் பாவில் முதல் முழம் நெய்த அன்று சுண்டுவிரல்கூட நுழையவில்லை. ஒரு விரல் நுழைகிற நாள் வந்தால் பிழைத்துக்கொள்வேன் என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

முதல் புடவை முடிந்தது. விரல் நுழையவில்லை. எதிர்வீட்டு அக்கா, "கொறைஞ்சிட்டியே தம்பி" என்றாள். கிண்டல் என்று நினைத்துக்கொண்டேன். நானாகவே தண்டாலைக் கூட்டினேன். இரண்டாவது புடவை பாதிக்கு வந்தது. விரல் நுழையவில்லை. ராத்திரிக் களியை நிறுத்தினேன். சேக்காளி, "போதும்டா, மூஞ்சி செத்துப்போயி கீது" என்றான். "மூஞ்சியால நான் நெய்யல" என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன். இரண்டாவதும் முடிந்தது. காலையில் விரலை வைத்தால் அதே இறுக்கம். அறுத்தெடுத்த பிறகுதான் கறை தெரியும். அதுவரை மூன்று புடவையும் ஒன்றின்மேல் ஒன்றாக மரத்திலேயே சுற்றிக் கிடக்கும். உள்ளே எத்தனை வட்டம் விழுந்திருக்கிறதோ என்ற நினைப்பு நாள் முழுக்க என் எதிரில், என் வயிற்றிலேயே இடித்துக்கொண்டு இருந்தது.

எனக்குச் சலித்துப் போயிற்று. பசி பழகிவிட்டது. கை கால் வலியும் பழகிவிட்டது. இவ்வளவு செய்தும் ஒரு நூல்கூட அசையவில்லை என்பதுதான் ஆளைத் தின்றது. என் வயிறு மட்டும் வேறு யாரோ ஒருவருடையது போல என் பேச்சைக் கேட்காமல் நின்றது.

மூன்றாவது புடவை, பாதிக்கு மேல் வந்த ஒரு மத்தியானம். காலையில் வெறும் மோர்தான் குடித்திருந்தேன். நாடாவை வலப்பக்கம் வீசியது ஞாபகம் இருக்கிறது. அது திரும்பி வந்தது ஞாபகம் இல்லை. கண்ணைத் திறந்தபோது என் மனைவியும் சேக்காளியும் என்னைக் குழியிலிருந்து தூக்கித் தரையில் போட்டிருந்தார்கள். முகத்தை நேராக நெசவின் மேல் வைத்து விழுந்திருக்கிறேன். வேர்வையும் எச்சிலும் அப்படியே புடவையில். அவள் உலர்ந்த துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தும், கன்னத்தின் அளவுக்கு ஒரு தடம் நின்றுவிட்டது.

கஞ்சி கொடுத்தாள். சோற்றுக்கஞ்சி. மறுக்காமல் குடித்தேன். குடித்துவிட்டு அழுகிற மாதிரி ஆகி, "ஒரு வெரல்கூட எறங்கலடி" என்றேன்.

"எங்க வெச்சிப் பாக்கிறீங்க வெரல?"

"வயித்துக்கும் படமரத்துக்கும் நடுவுல."

அவள் திரும்பித் தறியைப் பார்த்தாள். "மரத்துல ரெண்டரைப் பொடவை சுத்திகினு கெடக்குதே. அது ஒரு வெரல் கனம் இருக்காதா? நெய்ய நெய்ய அது பெருக்குது. நீங்க எளைச்ச எடத்தையெல்லாம் பொடவை புடிச்சிகினு வருது. தெனம் சுத்துறது நீங்கதான?"

பதினைந்து வருஷமாக அந்த மரத்தைச் சுற்றுகிறவன் நான். சேக்காளி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு, "மச்சான், இத வெளிய சொல்லிடாத. தறிக்காரன்னு சொல்லிக்க முடியாது" என்றான். அவள் ஒரு தார் நூலை எடுத்து என் வயிற்றைச் சுற்றிப் பிடித்தாள். முன்பு அளந்து வைத்திருந்தால்தானே ஒப்பிட? அந்த நூல் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. தளர்ந்து தொங்கிய தோல்தான் சொன்னது. கட்டம் ஒன்றும் இல்லை. காற்றிறங்கிய பந்துபோல இருந்தது.

இரண்டு நாள் சாப்பிட்டுப் படுத்து, மிச்சத்தை மெதுவாக நெய்து முடித்தேன். அறுத்தெடுத்து முதலாளி வீட்டில் விரித்தபோது அவர் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தேன். முதல் புடவை சுத்தம். இரண்டாவதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சுத்தம். மூன்றாவதில் அவர் கை நின்றது.

"இது வயிறு மாதிரி இல்லியே."

"இல்லீங்க. மொகம்."

"மொகமா?"

நடந்ததைச் சொன்னேன், விரல் வைத்துப் பார்த்த கதையைத் தவிர. அவர் புடவையை மடித்தார், பிரித்தார், அந்த இடத்தைத் திரும்பவும் தடவிப் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்குப் பயம்கூட இல்லை. போ என்றால் போய்ப் படுத்துவிடலாம் என்றுகூட இருந்தது.

"கொசுவத்துக்குள்ள போயிடும்" என்றார் கடைசியில். உள்ளே போய் ஒரு பாவைக் கொண்டுவந்து வைத்தார். "ஒழுங்கா சாப்ட்டு உக்காரு. ஆனா வயித்த விட்டுடாத. அடுத்த மூணையும் இதே மாதிரி வெளிச்சத்துலதான் விரிப்பேன்."

பாவுச் சிப்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். பாவு கிடைத்துவிட்டது. சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நாளை விடியற்காலையில் திரும்பவும் தகரக் கொட்டகை, திரும்பவும் மணல், திரும்பவும் களி. இந்த மூன்று புடவை முடிந்தால் அடுத்த மூன்று. நெய்கிற வரைக்கும் இந்த வயிற்றைக் காவல் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். தெருமுனைப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வழியாகச் சைக்கிளில் வந்த ஒரு தறிக்காரர் காலை ஊன்றி நிறுத்தினார். "இன்னாப்பா, பாவு நின்னுபோச்சின்னாங்க. குட்த்துட்டாரா?"

"குட்த்துட்டாரு."

"அப்புறம் இன்னாத்துக்கு இங்க உக்காந்துகினு கீற?"

"நாளைக்கும் எழுந்திரிக்கணும்ணா" என்றேன்.