கரித்தண்டின் வெள்ளி முனை

என் மேசைமேல் பேனாத் தட்டில் ஒரு கரித்தண்டு கிடக்கிறது. பழைய டார்ச் பேட்டரியை உடைத்து எடுத்தது, சுண்டுவிரல் நீளம். மெழுகு குடித்து மங்கிய கறுப்பு. ஒரு முனையில் மட்டும் சாம்பல் பளபளப்பு, மழைக்கு முந்தைய கடலின் நிறம். வருகிறவர்கள் பென்சில் என்று எடுத்துக் கிறுக்கிப் பார்க்கிறார்கள். எழுதாததை எதற்கு வைத்திருக்கிறாய் என்கிறார்கள். நான் வாங்கித் திரும்ப அதன் இடத்தில் வைக்கிறேன்.

அதைச் செய்தவர் என் அத்தான், அக்காவின் கணவர். எங்கள் தீவின் வடகிழக்கே, ரிவியேர் டு ராம்பார் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையின் சோதனைக்கூடத்தில் கரும்புச் சாற்றின் இனிப்பை அளந்துகொண்டிருந்தார். நான் அதே ஆலையின் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டு அவர்கள் வீட்டிலேயே இருந்தேன். தீவு சுதந்திரம் அடையச் சில ஆண்டுகள் இருந்தன. வீட்டுப் பேச்சு, பிரெஞ்சு சிதைந்து பிறந்த கிரியோல். உறவுமுறையும் சாமியும் மட்டும் தமிழ். கோயில் வகுப்பில் ஒட்டிக்கொண்ட தமிழைப் பிறகு நான் விடாமல் வளர்த்தேன். அவர்கள் பேசியதை இன்று அந்தத் தமிழில்தான் என்னால் கேட்க முடிகிறது.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த காம்ப்பில் ஒரே ஒரு குழாய். அங்கே குழந்தைகளுக்கு வயிறு முறுக்கியது, வாந்தி நிற்கவில்லை, முகம் வெளுத்துப் போனது. பூச்சி என்றார் தோட்டத்து டாக்டர். அத்தானுக்குச் சந்தேகம் தண்ணீரின் மேல். தண்ணீரில் ஈயம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. அதை அளக்கும் கருவியைச் சோதனைக்கூடத் தலைவர், ஒரு பிரெஞ்சுக்காரர், வாங்கித் தரமாட்டார். “நாம் சர்க்கரை செய்கிறோம், மிசியே, தண்ணீர் அல்ல.”

எனவே அத்தான் தானே செய்யத் தொடங்கினார். கரித்தண்டை உருகிய மெழுகில் போட்டு, குமிழி அடங்கும்வரை ஊறவைப்பார். கரியின் துளைகளில் தண்ணீர் புகக்கூடாது. முனையை உப்புத்தாளில் தேய்த்து, பிறகு வெறும் தாளில் தேய்த்து, கண்ணாடிபோல் ஆக்குவார். அதன்மேல் பாதரசம் வேண்டும். ஆனால் பாதரசம் கரியில் நிற்காது; உருண்டு ஓடிவிடும். அதற்குத்தான் வெள்ளி. மெல்லிய மின்சாரத்தில் கரிமேல் வெள்ளியைப் படியவைத்து, அதைப் பாதரசத்தில் தொட்டால் இரண்டும் கலந்து ஒரே தோலாகப் பற்றிக்கொள்ளும். அந்தத் தோல் தண்ணீரிலிருக்கும் ஈயத்தை மெல்ல மெல்லத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். பிறகு மின்சாரத்தைத் திருப்பினால் ஈயம் கழன்று வெளியேறும். அந்த நொடியில் அளவியின் முள் துள்ளும். ஆலை ஓடும் மாதங்களில் தரையே அதிரும், முள்ளை நம்ப முடியாது. அதனால் அறுவடை இல்லாத, ஆலை உறங்கும் மாதங்களில்தான் இந்த வேலை.

விஷயம் தெரிந்ததும் தலைவர் வெள்ளி உப்பு இருந்த புட்டியை அலமாரியில் பூட்டினார். ஒரு வாரம் பொறுத்திருந்தால் தலைநகர் போர்ட் லூயி மருந்துக்கடையில் கிடைத்திருக்கும். அந்த வாரம்தான் சர்தாரின் மகளுக்கு வலிப்பு வந்தது. சர்தார் தோட்டத்தில் ஆட்களை மேய்ப்பவர், எதற்கும் அழாத மனிதர். எங்கள் வாசலில் நின்று அழுதார்.

வீட்டில் இருந்த ஒரே வெள்ளி, அத்தானின் அப்பா காவடி எடுத்தபோது நாக்கில் குத்திக்கொண்ட ஊசி. அதன் தலையில் குட்டி வேல். அக்கா அதைப் பூஜைத் தட்டில் வைத்திருந்தாள். அத்தான் அதைக் கேட்டார்.

“ஊசியை எடுத்துக்குங்க. வேல் தலையை மட்டும் வெட்டி எங்கிட்ட கொடுத்துடுங்க.”

“அய்யோ, வெட்டினா வெள்ளி பத்தாதும்மா.”

“பத்தலன்னா கரிக்குப் பாதி பூசுங்க. நான் என்னத்தக் கும்பிடறது?”

“அந்தப் பொண்ணு பிழைச்சா அதைக் கும்பிடு.”

முழு ஊசியும் அமிலத்தில் போனது. பழுப்புப் புகை கிளம்பியது. அக்கா வெளியே போய்த் துணி துவைத்தாள்.

குழாய்த் தண்ணீரில் முள் துள்ளியது. அப்படி ஒரு துள்ளல்! அத்தான் அன்றே யூனியன்காரரிடம் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை ஒருவரும் வயலுக்குப் போகவில்லை. ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். யாரோ குழாயை உடைத்தார்கள். போலீஸ் வந்தது, தடி விழுந்தது, இரண்டு பேரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அத்தானைத் தோளில் தூக்காத குறை. அவர் முகத்தில் நான் அப்போது கண்ட ஒளியை அதன்பின் கண்டதில்லை.

செவ்வாயன்று, வெட்டிப் பெருமைக்கல்ல, இன்னும் உறுதியாகச் சொல்ல வேண்டும் என்று, சுத்தமான வடிநீரில் அதே தண்டை வைத்துப் பார்த்தார். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. முள் துள்ளியது. அதே துள்ளல்.

ஈயம் அவருடைய பூச்சிலேயே இருந்தது. குட்டி வேலை ஊசியின் தலையில் ஒட்டத் தட்டான் வைத்த பற்றாசில் ஈயம். அது வெள்ளியோடு கரைந்து, கரியில் படிந்து, தன்னையே காட்டிக்கொண்டிருந்தது. அத்தான் தண்டைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு நேரே ஆலை வாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

“என் கருவி தப்பு. தண்ணியில ஈயம் இருக்குன்னு நான் சொன்னதை நம்பாதீங்க. எனக்கு இன்னும் தெரியாது.”

யூனியன்காரர் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார்: “நேத்து தெரிஞ்சது இன்னைக்குத் தெரியலியா? எந்தத் தொரை வீட்டுல விருந்து சாப்பிட்டீங்க, மிசியே?”

கூட்டம் சிரித்தது. அடிபட்ட ஒருவர் சிரிக்கவில்லை, காறித் துப்பினார். மறுநாள் அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். தோட்ட நிர்வாகம் பழைய குழாய்ப்பாதையிலேயே, உடைந்ததற்குப் பதில், புதுத் திருகு மாட்டியது.

அத்தான் போர்ட் லூயி போய் நல்ல வெள்ளி உப்பு வாங்கிவந்தார். புதுத் தண்டு, புதுப் பூச்சு. இம்முறை முதலில் வடிநீர். முள் அசையவில்லை. பிறகு குழாய்த் தண்ணீர். முள் அசைந்தது. பழைய துள்ளல் அல்ல. உறங்குபவர் புரள்வதுபோல ஓர் அசைவு. மறுபடி வடிநீர், மறுபடி குழாய். ஒவ்வொரு முறையும் அதே அசைவு. தண்ணீரில் ஈயம் இருந்தது. முதலிலிருந்தே இருந்தது.

யூனியன்காரர் கதவைத் திறக்கவில்லை. தலைவர் பொறுமையாகக் கேட்டார்: “உங்கள் கருவி தவறும் என்று ஊர்கூட்டிச் சொன்னவர் நீங்கள்தானே?” அத்தான் குழாயடியில் போய் நின்றார். தூரத்து ஊற்றில் தண்ணீர் எடுங்கள் என்று ஒவ்வொரு வாளியிடமும் கெஞ்சினார். பெண்கள் வாளியை நிரப்பிக்கொண்டே கேட்டார்கள்: “உங்க குச்சி இன்னைக்கு என்னங்க சொல்லுது?” ஒருத்தி வாளியை நீட்டி, “நீங்கதான் தூக்கிட்டு வாங்களேன்” என்றாள். அவர் தூக்கினார். எத்தனை வாளி தூக்க முடியும் ஒரு மனிதனால்?

அந்த அறுவடை தொடங்குமுன் சர்தாரின் மகள் போய்விட்டாள். இறுதி ஊர்வலத்தில் அத்தான் எல்லாருக்கும் பின்னால் நடந்தார். அவருக்கும் முன்னால் போனவர்களுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போகும் இடைவெளி இருந்தது. பிறகு வேலையை விட்டார். பாம்பூ ஊரில் ஒரு கடையில் கணக்கு எழுதினார். சுதந்திரக் கொடியேற்றத்தன்று ரேடியோ கேட்கக்கூட எழுந்து வரவில்லை. அதற்கு அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சு அடைத்து இறந்தார். அந்த முதல் தண்டு அவர் சட்டைப்பையில் இருந்தது.

போன மாதம் அந்தக் காம்ப் இருந்த பக்கம் போனேன். வீடுகள் கட்ட மண்ணைத் தோண்டுகிறார்கள். புரட்டிய செம்மண்ணில் குழாய்கள் பாம்புச் சட்டைபோல் வளைந்து கிடந்தன. ஒரு பையன் கத்தியால் ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தான், வெண்ணெய்போல் வெட்டுப்பட்டது. கிரியோல் வழக்கில் என்னை மாமா என்று அழைத்தான்.

“நல்ல ஈயம், தோந்தோன். தூண்டிலுக்குக் கட்டினா அடியில போய் உக்காரும். உங்களுக்கும் ஒண்ணு?”

அதை வாங்கி, ‘போ பசான்’ ஊரில் மகனோடிருக்கும் அக்காவிடம் கொண்டுபோனேன். உள்ளங்கையில் வைத்து எடைபார்த்தாள்.

“அந்த வேல் தலையை மட்டும் வெட்டி எங்கிட்ட கொடுத்திருக்கலாம்,” என்றாள்.

துண்டைத் தட்டில் தண்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வெட்டிய அன்று அது வெள்ளிபோல் மின்னியது. சில நாளில் மங்கிவிட்டது. இப்போது அதற்கும் தண்டின் முனைக்கும் ஒரே நிறம்.