பூஜை அறையில் ஒரு ரயில் பாலம்

யுத்த காலத்தில் அரியலூர் தாலுகா ஆபீஸில் படம் சேர்க்கிற குமாஸ்தா நான் ஒருவன்தான். ஓவியத்தைப் பற்றி ஐந்தாறு புத்தகங்கள் படித்ததால் வந்த வினை. எண்ணெய் வர்ணம் என் சம்பளத்துக்கு எட்டாது. நீர் வர்ணமும் பென்சில் படங்களும்தான். மாதம் ஒரு ஞாயிறு, பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடிய பஸ்ஸில் பெரம்பலூர் போய், ஒரு டிராயிங் வாத்தியாரிடம் வாங்கி வருவேன். கூடத்துச் சுவரில் ஒன்பது படங்கள் தொங்கின. வருகிறவர்கள் ஒன்பதையும் பார்த்துவிட்டு, "காலண்டர் எந்தக் கடையில குடுத்தாங்க?" என்பார்கள்.

இருப்பதில் உயர்ந்தது நீர் வர்ணத்தில் மருதையாற்று ரயில் பாலம். மழை இறங்கப்போகிற வானம், கீழே செம்மண் கலங்கல், நடுவே கறுத்த தூண்கள். பெரிய படம். யுத்தத்தில் அந்த அளவுக்குக் கண்ணாடி கிடைக்காமல் வெறும் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். வாத்தியார் தம் வழக்கப்படி பின்புறம் என் பெயர், உத்தியோகம், ஊர் எல்லாம் முத்து முத்தாக எழுதி, 'அன்புடன்' என்று கையெழுத்தும் போட்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை, ஆபீஸ் விடுகிற நேரத்தில் பெரம்பலூர் பஸ் கண்டக்டர் வந்து நின்றார்.

"சார், ஒங்க டிராயிங் வாத்தியாரப் போலீசு கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"எதுக்குப்பா?"

"பாலம் பாலமா வரஞ்சு வச்சிருந்தாராம். யாருக்கெல்லாம் குடுத்தேன்னு கேக்குறாங்களாம். ஒங்களத் தேட வேண்டாம் சார், படம்னாலே ஊருல ஒங்களத்தான சொல்லுவாங்க."

'வெள்ளையனே வெளியேறு' என்று அங்கங்கே தண்டவாளம் பிடுங்கிக்கொண்டிருந்த வருஷம் அது. சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் வீட்டில் பாலத்தின் படம், பின்னால் அவன் விலாசம். முதலில் வேலை போகும். பிறகு நானே திருச்சி ஜெயிலுக்குப் போவேன். வீடு வந்து சேர்வதற்குள் இரண்டையும் மனசில் பலமுறை அனுபவித்துவிட்டேன்.

எரித்திருக்கலாம். இரண்டு முறை தீப்பெட்டியை எடுத்தேன். இரண்டு முறையும் குச்சிதான் ஒடிந்தது. அந்த வானத்தை எரிக்க மனசும் வரவில்லை. இருட்டுவதற்குள் ஒரு யோசனை தோன்றியது. போலீஸ்காரன் சாமி படத்தையா சோதனை போடப்போகிறான்? பாலத்தைப் பூஜை அறையில் முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவே மாட்டினேன். மனைவியிடம் சொல்லவில்லை. வீட்டில் ஒருவர் பயந்தால் போதும் என்று நினைத்தேன்.

இவ்வளவு படித்தவனுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை என்பது மறந்துவிட்டது.

ஆபீஸுக்கு லீவு எழுதிவிட்டு, தெருவில் கேட்கிற ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தேன். பத்து மணிக்குச் செருப்பு இல்லை, பூட்ஸ் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர், கூட ஒரு கான்ஸ்டபிள். கூடத்தில் இருந்த எட்டுப் படங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, பின்புறம் திருப்பிப் படித்தார். எட்டிலும் என் பெயர். ஒன்பதாவது ஆணி சும்மா இருந்தது. அதையும் பார்த்தார்.

"இங்க என்ன இருந்துச்சு?"

பதிலுக்குக் காத்திராமல் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பூஜை அறைக்குள் போனார். பின்னாலேயே போனேன்.

முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவே பாலம் இல்லை. சாம்பலும் செம்மண்ணும் குழம்பிய ஒரு மூட்டம், அதன்மேல் மூன்று குங்குமப் பொட்டு, ஒரு செம்பருத்தி. வெள்ளிக்கிழமை தவறாமல் மனைவி எல்லாப் படங்களையும் ஈரத்துணியால் துடைத்துப் பொட்டு வைப்பாள்.

"இது எந்தச் சாமி?" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் கை சட்டத்தின் ஓரத்துக்குப் போயிற்று. காகிதத்தின் முகம்தான் அழிந்திருந்தது. முதுகு அப்படியே இருந்தது.

"எங்க கொலதெய்வங்க," என்றாள் மனைவி, அடுப்படி வாசலிலிருந்து. "உருவம் கெடையாது. தலைக்குக் குளிக்காம தொட்டா ஆகாதுங்க."

கை அங்கேயே நின்றது. பிறகு விபூதித் தட்டுக்கு இறங்கியது. நெற்றியில் இட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் தரையில் உட்கார்ந்தேன். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கண்டக்டரு தெருவெல்லாம் சொல்லிட்டுல்ல போனாரு. ஆனா தொடைக்கறப்ப இருட்டுல எந்தப் படம்னு கவனிக்கலங்க. அழுக்கு வர வர, இவ்வளவு அழுக்கான்னு இன்னும் அழுத்தித் தொடச்சுட்டேன்."

அப்புறம் படத்தை இறக்க அவள் விடவில்லை. சாமி என்று சொன்னபின் இறக்கினால் என்ன ஆகுமோ என்று அவளுக்குப் பயம். எனக்கும்தான்.

இரண்டு மாதம் கழித்து வாத்தியாரை விட்டுவிட்டார்கள். இளைத்துப்போய் எங்கள் வீட்டுக்கு வந்தவர், கூடத்துச் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு, "பாலம் எங்க சார்?" என்றார்.

"எரிச்சுட்டேன்," என்றேன். துடைத்தாயிற்று என்பதைவிட அது கௌரவமாகப் பட்டது.

தலையாட்டினார். கிளம்பும்போது விபூதி வேண்டுமென்று பூஜை அறைக்குள் போனார். நெடுநேரம் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மூட்டத்தின் இடது மூலையில், துணி எட்டாத இடத்தில், ஒரு தூண் மிச்சம் இருந்தது. அதற்கு நேரே கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

வெளியே வந்து, "போயிட்டு வரேன் சார்," என்றார். அது தம் பாலம்தான் என்று கண்டுகொண்டாரா என்று இன்றுவரை கேட்கவில்லை. இன்ஸ்பெக்டருக்குப் பயந்ததைவிட அவருடைய பதிலுக்கு அதிகம் பயப்படுகிறேன்.