சிறு திருத்தம்

போர்டுக்காரி என்றால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். உள்ளங்கையளவு போர்டில் ஒரு முழுக் கணினியையே அடக்கிவிடுவாள். அதன் வரைபடத்தையும் பூட்டு சாவி இல்லாமல் இணையத்தில் போட்டுவிடுவாள். யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, சொல்லாமல் இருக்க முடியாது.

அந்தத் தலைக்கனம்தான் வினையாயிற்று. ஒரு போர்டின் கனெக்டரை அடிப்பக்கமாகப் பார்த்து வரைந்ததில், கம்பி செருகும் இடங்கள் இடம் வலமாக மாறிப்போயின. இரண்டு மாதம் கழித்துத்தான் அதைக் கண்டுபிடித்தாள். சத்தமில்லாமல் சரிசெய்து, பக்கத்தில் "சிறு திருத்தம்" என்று எழுதி வைத்தாள். ஏற்கெனவே எடுத்துப்போனவர்களிடம் மூச்சு விடவில்லை. மானம் போய்விடுமாம்!

அவள் தம்பிக்குத் தகடு அழுத்தும் பட்டறையில் வேலை. பழைய வரைபடத்தை வைத்து ஒரு போர்டு செய்து அங்கிருந்த பிரஸ்ஸில் மாட்டியிருந்தான். அவள் திருத்திய ஒன்பதாம் நாள் தகடு ஒன்று சிக்கியது. ஸ்டாப் பட்டனை அழுத்தினான், நின்றுவிட்டது என்று நம்பிக் கையை உள்ளே விட்டான். பட்டனின் கம்பியோ தப்பான இடத்தில் இருந்தது. பிரஸ் இறங்கி மூன்று விரல்களை நசுக்கி எடுத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போனாள், அழுதாள், உண்மையைச் சொல்லவில்லை. ஆனால் திறந்த வரைபடத்தில் எதை ஒளிப்பது? எந்த நாளில் எந்தக் கோடு மாறியது என்பதெல்லாம் அப்படியே பதிவாகி நிற்கும். தம்பி படித்துவிட்டான்.

மூன்றாம் வாரம் கதவை உதைத்துக்கொண்டு வந்தான், இடது கையில் சுத்தியலோடு. மேசையிலிருந்த போர்டுகளைக் கண்மண் தெரியாமல் அடித்து நொறுக்கினான். தடுக்க வந்தவளின் மூக்கில் முழங்கையால் இடித்தான். ரத்தம் சட்டையெல்லாம் ஒழுகியது.

"என் கை போறதுக்கு ஒம்பது நாள் முன்னாடியே உனக்குத் தெரியும். ஏன்க்கா சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சுடா."

"என் கை உனக்குச் சிறு திருத்தமா?"

அவள் வலது கையை மேசைமேல் விரித்து வைத்தாள். "அடி."

அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. சுத்தியலைப் போட்டுவிட்டுச் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையால் அந்த வரைபடத்தின் இணையப் பக்கத்தில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்: "பழைய வரைபடத்தில் செய்த போர்டுகளை உடனே கழற்றுங்கள். தவறு என்னுடையது. தெரிந்தும் மறைத்தேன். என் தம்பிக்கு மூன்று விரல்கள் போய்விட்டன."

தம்பி எழுந்து வந்து படித்தான்.

"நாலுன்னு போடு. போன வாரம் இன்னொண்ணையும் எடுத்துட்டாங்க."